உழைப்பின் காயம் – 17: ஒரே திருகாணிக்கு இரண்டு பில்

சென்ற இதழில் 1911இல் நின்றோம். அந்த ஆண்டு மார்ச் 24ஆம் தேதி நியூயார்க் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. மறுநாள் மாலை ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு மாநிலம் மாநிலமாகச் சட்டம் வந்தது. கடைசியாக 1948இல் மிசிசிப்பியும் சேர்ந்துகொண்டது. எல்லா இடத்திலும் உடன்படிக்கை ஒன்றுதான். யார் மேல் தப்பு என்று தொழிலாளி வழக்காட மாட்டார். முதலாளியும் தப்பு யாருடையது என்று கேட்காமல் பணம் கொடுத்துவிடுவார்.

இந்த இதழில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டைத் தாண்டிக் கலிபோர்னியாவுக்குப் போகிறோம். காலவரிசையைக் குலைக்கிறேன் என்று கடிதம் எழுதப்போகிற வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். உடன்படிக்கை எழுதிய நாளில் யாரும் கவனிக்காத ஓர் ஓட்டை எவ்வளவு பெரிதாகக் கிழிந்தது என்பதை அங்கேதான் முழுசாகப் பார்க்க முடியும்.

இழப்பீட்டில் இரண்டு பகுதி உண்டு. வேலைக்குப் போக முடியாத நாள்களுக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு, காயத்துக்கு வைத்தியம். முதல் பகுதிக்கு ஆரம்பத்திலேயே கணக்கும் வரம்பும் போட்டுவிட்டார்கள். வாரத்துக்கு இவ்வளவு, அதற்கு மேல் கிடையாது. இரண்டாவது பகுதியை அப்படி அளக்க முடியவில்லை. கலிபோர்னியாவின் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 4600ஆம் பிரிவு, காயத்தின் விளைவைக் குணப்படுத்தவோ தணிக்கவோ நியாயமாகத் தேவைப்படும் சிகிச்சை எல்லாவற்றையும் முதலாளி தர வேண்டும் என்கிறது. நியாயம் எது, தேவை எது என்பதை யார் சொல்வது? மருத்துவர் சொன்னார். மருத்துவருக்குப் பணம் கொடுத்தது முதலாளியின் காப்பீட்டு நிறுவனம்.

அமெரிக்காவின் மற்ற மருத்துவக் காப்பீடுகளில் நோயாளியும் கொஞ்சம் கைக்காசு போட வேண்டியிருக்கும். இங்கே அதுவும் இல்லை. வேலையிடத்தில் அடிபட்டவரிடம் மருத்துவர் தன் பில்லை நீட்டுவதே சட்டப்படி தவறு. தொழிலாளி நோக்கில் இது நூற்றுக்கு நூறு சரியான ஏற்பாடு. முதுகு உடைந்து கிடப்பவரிடம் கவுன்டரில் பணம் கேட்கக் கூடாது. ஆனால் இதனால் ஒரு விஷயம் நடந்தது. சிகிச்சை பெறுகிறவர் பில்லைப் பார்ப்பதே இல்லை. பில்லைப் பார்க்கிற காப்பீட்டுக்காரர் சிகிச்சையைப் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் ஒரே ஆள், அந்தப் பில்லை எழுதியவர்.

1993இல் தலைநகர் சாக்ரமென்டோவில் சட்டமன்றம் இரண்டு காரியம் செய்தது. முதலாவது, காப்பீட்டு நிறுவனங்கள் ஒரு குறைந்தபட்ச பிரீமியத்துக்குக் கீழே போகக் கூடாது என்று இருந்த பழைய விதியை ரத்து செய்தது. 1995 தொடக்கத்திலிருந்து யார் வேண்டுமானாலும் எந்த விலைக்கும் விற்கலாம். இரண்டாவது, தொழிலாளிக்குச் சிகிச்சை தரும் முதன்மை மருத்துவர் சொல்வதே சரி என்ற சட்ட அனுமானத்தை உண்டாக்கியது. அதை மறுப்பவர்தான் நிரூபிக்க வேண்டும். 1996இல் இழப்பீட்டு மேல்முறையீட்டு வாரியம் ஒரு வழக்கில் இந்த அனுமானத்துக்கு விரிவாகப் பொருள் சொன்னது. வருமானம் ஒரு பக்கம் இறங்கிக்கொண்டே இருந்தது. செலவு இன்னொரு பக்கம் ஏறிக்கொண்டே இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லக் கணக்குப் பாடம் படித்திருக்க வேண்டியதில்லை.

2000 மார்ச்சில் சுப்பீரியர் நேஷனல் என்ற பெரிய நிறுவனத்தை அரசு தன் பொறுப்பில் எடுத்தது. அடுத்தடுத்து இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் விழுந்தன. மிஞ்சியவை விலையை ஏற்றின. 2003இல் ஒவ்வொரு 100 டாலர் சம்பளத்துக்கும் முதலாளி கட்டிய சராசரி பிரீமியம் 6 டாலரைத் தாண்டியது. மாநில அரசு 1914இல் தொடங்கிய ஸ்டேட் ஃபண்ட் என்ற பொதுக் காப்பீட்டு நிறுவனத்திடம் சந்தையில் பாதி வந்து குவிந்தது. வேறு யாரிடம் போவது?

அந்த ஆண்டு ஆளுநர் கிரே டேவிஸைத் திரும்ப அழைக்கும் வாக்கெடுப்பு நடந்தது. மின்வெட்டும் கார் வரியும்தான் பெரிய காரணங்கள். ஆனால் சிறு முதலாளிகளின் கோபத்தில் இந்தப் பிரீமியத்துக்கும் பங்குண்டு. செப்டம்பர் 30இல் டேவிஸ் இரண்டு சீர்திருத்தச் சட்டங்களில் கையெழுத்திட்டார். ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 7இல், பதவியை இழந்தார். வந்தவர் அர்னால்ட் ஷ்வார்ஸ்நேகர். சட்டமன்றம் தன் வழிக்கு வராவிட்டால் மக்களிடம் நேரடி வாக்கெடுப்புக்குப் போவேன் என்று சொல்லி, காஸ்ட்கோ கடை வாசலில் நின்று கையெழுத்து வாங்கினார். சினிமாக்காரருக்குக் கூட்டம் கூடாதா? 2004 ஏப்ரல் 19இல் அவர் கேட்ட சட்டம் அவர் மேசைக்கு வந்துவிட்டது. அதன் எண் 899.

*

2003இலும் 2004இலும் வந்த இந்தச் சட்டங்கள் என்ன செய்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதன்மை மருத்துவரின் சொல்லுக்கு இருந்த அனுமானம் போனது. எந்தக் காயத்துக்கு எந்தச் சிகிச்சை என்பதற்கு மருத்துவ வழிகாட்டி நூல் வந்தது. மருத்துவர் கேட்கும் சிகிச்சை அந்த நூலுக்கு ஒத்துவருகிறதா என்று காப்பீட்டு நிறுவனம் முன்கூட்டியே பரிசீலிக்கலாம். பிசியோதெரபிக்கும் எலும்பு நீவும் கைரோபிராக்டருக்கும் ஒரு காயத்துக்குத் தலா 24 முறைதான். முதலாளியே மருத்துவர்களின் வலைப்பின்னல் ஒன்றை அமைத்து, அதற்குள்தான் போக வேண்டும் என்று சொல்லலாம். நிரந்தர ஊனத்தை அளக்கும் முறையையும் மாற்றினார்கள். அதனால் தொழிலாளிக்குக் கிடைத்த தொகை கடுமையாகச் சரிந்தது. சீர்திருத்தம் என்ற சொல் காதில் விழும்போது யாருடைய பையிலிருந்து எடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இந்தத் தொடருக்கு வேண்டியது விலைதான். அங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். மருத்துவமனைக்கு எவ்வளவு கொடுப்பது என்பதற்குக் கலிபோர்னியா தானாக ஒரு கணக்கைக் கண்டுபிடிக்கவில்லை. 65 வயது தாண்டியவர்களுக்கு மத்திய அரசு நடத்தும் மெடிகேர் திட்டத்தின் கணக்கை எடுத்து, அதன்மேல் 20 சதவீதம் சேர்த்துக்கொண்டது. மெடிகேர் 100 டாலர் கொடுக்கும் இடத்தில் இழப்பீட்டுக் காப்பீடு 120 டாலர் கொடுக்கும்.

மெடிகேர் மருத்துவமனைக்குப் பணம் கொடுக்கும் முறை 1983இல் வந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஃபெட்டர், ஜான் தாம்ப்சன் என்ற இருவர் உண்டாக்கிய வகைப்பாடு அது. நோயாளி எத்தனை நாள் படுத்திருந்தார், எத்தனை ஊசி போட்டார்கள் என்று தனித்தனியாக எண்ணுவதில்லை. இன்ன நோய், இன்ன அறுவை என்று ஒரு வகைக்குள் போட்டு, அந்த வகைக்கு மொத்தமாக ஒரு தொகை. படுக்கை, செவிலியர், மருந்து, உடம்புக்குள் வைக்கும் உலோகம் எல்லாம் அதற்குள் அடக்கம். கல்யாணச் சமையலை இலைக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசுகிறோமே, அது போலத்தான். அப்பளத்துக்குத் தனியாகக் காசு கேட்க முடியாது.

கலிபோர்னியாவின் 2003 சட்டம் அப்பளத்துக்குத் தனியாகக் காசு கொடுத்தது.

*

முதுகெலும்பின் இரண்டு முள்ளெலும்புகளை ஒன்றாக இணைக்கும் அறுவையில் திருகாணி, தகடு, கம்பி என்று உலோகம் வைப்பார்கள். இந்த உலோகத்தின் விலை அதிகம், மொத்தத் தொகைக்குள் அடங்காது என்று மருத்துவமனைகள் முறையிட்டன. அதற்காகத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 5318 என்றொரு பிரிவு வந்தது. முதுகெலும்புக்குள் வைக்கும் சாமான்களுக்கு மருத்துவமனை கொடுத்த விலையைத் தனியாகத் திருப்பித் தர வேண்டும். அதன்மேல் 10 சதவீதம், 250 டாலருக்கு மிகாமல். விற்பனை வரியும் அனுப்புச் செலவும் தனி. மொத்தத் தொகையிலும் உலோகத்தின் விலை ஏற்கெனவே இருந்தது. அதைக் கழிக்கவில்லை. ஆக, ஒரே திருகாணிக்கு இரண்டு முறை பணம்.

இன்னும் கூர்ந்து பாருங்கள். மருத்துவமனை கொடுத்த விலை என்றுதான் சட்டம் சொன்னது. யாருக்குக் கொடுத்த விலை என்று சொல்லவில்லை.

லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே லாங் பீச் துறைமுக நகரத்தில் பசிபிக் ஹாஸ்பிட்டல் என்று ஒரு மருத்துவமனை இருந்தது. உரிமையாளர் மைக்கேல் ட்ரோபாட். இன்டர்நேஷனல் இம்ப்ளான்ட்ஸ் என்ற கம்பெனியும் அவருடையதே. அந்தக் கம்பெனி உற்பத்தியாளர்களிடம் திருகாணியை வாங்கும். விலையை ஏற்றி மருத்துவமனைக்கு விற்கும். மருத்துவமனை அந்த ஏற்றிய பில்லைக் காப்பீட்டு நிறுவனத்திடம் நீட்டும். பில் பொய்யல்ல. மருத்துவமனை உண்மையிலேயே அந்த விலை கொடுத்துத்தான் வாங்கியது. கொடுத்த பணம் ஒரே ஆளின் இடது பையிலிருந்து வலது பைக்குப் போயிற்று, அவ்வளவுதான்.

இதில் லாபம் வர வேண்டுமென்றால் அறுவை நடக்க வேண்டும். அறுவை நடக்க முதுகுகள் வேண்டும். ட்ரோபாட் மருத்துவர்களுக்கும் கைரோபிராக்டர்களுக்கும் ஆள் பிடித்துக் கொடுப்பவர்களுக்கும் கமிஷன் கொடுத்தார். அவரே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட விலை இது: இடுப்புப் பகுதி இணைப்பு அறுவைக்கு 15,000 டாலர், கழுத்துப் பகுதிக்கு 10,000 டாலர். காகிதத்தில் இது ஆலோசனைக் கட்டணம், வாடகை, விளம்பர ஒப்பந்தம் என்று வேறு வேறு பெயரில் இருந்தது. நூற்றுக்கணக்கான மைல் தொலைவிலிருந்துகூடத் தொழிலாளர்கள் லாங் பீச்சுக்கு வந்து மேசையில் படுத்தார்கள். வழியில் எத்தனையோ மருத்துவமனைகள் இருந்தன. இந்த மருத்துவமனைக்கு ஏன் அனுப்புகிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. தங்கள் மருத்துவர் தங்கள் முதுகின் மேல் ஒரு தொகை வாங்குகிறார் என்பதும் தெரியாது. ஏறத்தாழ 15 ஆண்டுகள் நடந்த இந்த ஏற்பாட்டில் 50 கோடி டாலருக்கும் மேல் பில் போனது என்று மத்திய அரசு வழக்கறிஞர்கள் சொன்னார்கள்.

அந்த அறுவைகளில் எத்தனை தேவையானவை என்று பணத்தைக் கணக்கிடுவது போல எண்ணிச் சொல்ல முடியாது. இணைத்த முள்ளெலும்பைத் திரும்பப் பிரிக்கவும் முடியாது.

5318ஆம் பிரிவு இருக்கும் வரைதான் இந்தக் கடை ஓடும். அதை நீக்க வேண்டும் என்று பேச்சு எழும்போதெல்லாம் தடுக்க ஒருவர் வேண்டும். மாநில மேலவை உறுப்பினர் ரான் கால்டரான் அந்த வேலையைச் செய்தார். ட்ரோபாட் அவரைத் தனி விமானத்தில் அழைத்துப் போனார், கோல்ஃப் விளையாட வைத்தார், விருந்து கொடுத்தார். கால்டரானின் கல்லூரி மாணவ மகனைக் கோடை விடுமுறையில் கோப்பு அடுக்கும் வேலைக்கு வைத்துக்கொண்டார். ஆண்டுக்குச் சுமார் 15 நாள் வேலைக்கு ஒவ்வொரு கோடையும் 10,000 டாலர் சம்பளம். கோப்பு அடுக்குவதில் அந்தப் பையனுக்குத் தனித்திறமை இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

*

திருகாணி ஒரு வழி. இன்னொன்றும் இருந்தது. பத்திரிகைகளில் அதற்கு அவ்வளவு இடம் கிடைக்கவில்லை. என் கணிப்பில் தொழிலாளர்களுக்கு அதுதான் அதிகக் காலம் தொல்லை கொடுத்தது. அதன் பெயர் லீன், அதாவது பற்றுரிமை மனு.

மருத்துவர் பில் அனுப்புகிறார். காப்பீட்டு நிறுவனம் கொஞ்சம் கொடுக்கிறது, அல்லது ஒன்றும் கொடுப்பதில்லை. காயம் வேலையில் பட்டதே இல்லை என்று அது வாதாடிக்கொண்டிருக்கலாம். தொழிலாளியிடம் கேட்கக் கூடாது. அப்படியானால் மருத்துவர் என்ன செய்வார்? தொழிலாளியின் வழக்கிலேயே, எனக்கு இவ்வளவு பாக்கி என்று ஒரு மனுவைப் போட்டுவைப்பார். அதுதான் லீன். நேர்மையான மருத்துவருக்கு இது அவசியமான பாதுகாப்பு. இது இல்லாவிட்டால், காப்பீட்டு நிறுவனம் மறுத்த வழக்கில் எந்த மருத்துவரும் தொழிலாளியைத் தொட்டுப் பார்க்க மாட்டார்.

2003 சட்டம் இந்த மனுவுக்கு 100 டாலர் கட்டணம் வைத்தது. மனுக்கள் குறைந்தன. 2006 நடுவில் சட்டமன்றம் அந்தக் கட்டணத்தை நீக்கியது. நீக்கியதுதான் தாமதம், மனுக்கள் வந்து கொட்டின. மொழிபெயர்ப்பாளர், நோயாளியை ஏற்றிச் சென்ற வண்டிக்காரர், ஆவணம் நகலெடுத்தவர், களிம்பு விற்றவர் எல்லோரும் மனுப் போட்டார்கள். ஒரு வழக்கில் பத்து மனு, இருபது மனு. தொழிலாளியின் வழக்கு முடிந்து அவர் பணம் வாங்கிக்கொண்டு போன பிறகும் அவர் பெயரில் அந்தக் கோப்பு திறந்தே கிடக்கும். பழைய பாக்கிகளை அடிமாட்டு விலைக்கு மொத்தமாக வாங்கி, வசூலிப்பதே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் வந்தன. சிகிச்சை கொடுத்தவர் எங்கோ இருப்பார். நோயாளியின் முகமே பார்த்திராதவர் வாரியத்தின் வராந்தாவில் காப்பீட்டு நிறுவனத்தின் ஆளோடு பேரம் பேசுவார். 2011 ஜனவரியில் வெளியான ஓர் அரசு ஆணைய அறிக்கை, இழப்பீட்டு நீதிமன்றங்களின் உழைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த மனுக்களுக்கே போகிறது என்று கணக்கிட்டது. காயம்பட்டவர் தன் வழக்கு எடுக்கப்படும் நாளுக்குக் காத்திருந்தார். அவரைச் சாக்கிட்டு வந்தவர்கள் மன்றத்தை நிறைத்திருந்தார்கள்.

இதிலேயே இன்னொரு தொழிலும் வளர்ந்தது. வரும் பில்லை வெட்டிக் கொடுப்பதற்கென்று காப்பீட்டு நிறுவனங்கள் தனிக் கம்பெனிகளை அமர்த்தின. வெட்டுவார்கள் என்று தெரிந்து மருத்துவர் ஏற்றி எழுதினார். ஏற்றி எழுதுவார் என்று தெரிந்து கம்பெனி இன்னும் வெட்டியது. இடையில் எது நியாயமான விலை என்பதே யாருக்கும் நினைவில்லாமல் போனது.

களிம்புக் கதையும் இதே மாதிரிதான். மருந்துக்கு விலைப் பட்டியல் வந்ததும், பட்டியலில் இல்லாத மருந்தைத் தேடினார்கள். இரண்டு மூன்று வலிமருந்துகளைக் கலந்து தோலில் தடவும் களிம்பாக்கினால் அது புது மருந்து. அதற்குப் பட்டியலில் விலை கிடையாது. மருத்துவரே தன் அறையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்துப் பில் போட்டார். 2011இல் இயற்றி 2012 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டம் இதற்கு ஒரு கடிவாளம் போட்டது.

*

2012இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன். தொழிற்சங்கக் கூட்டமைப்பும் பெரிய முதலாளிகளும் சட்டமன்றத்துக்கு வெளியே தனியாக உட்கார்ந்து பேசினார்கள். மருத்துவர்களையும் வழக்கறிஞர்களையும் காப்பீட்டு நிறுவனங்களையும் அந்த மேசைக்குக் கூப்பிடவில்லை. ஏன் கூப்பிடவில்லை என்று இதுவரை படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பேச்சின் சாரம் இதுதான்: 2004இல் வெட்டிய நிரந்தர ஊனத் தொகையைக் கணிசமாக உயர்த்த வேண்டும், அந்தப் பணத்தை நடுவிலே இருப்பவர்களிடமிருந்து எடுக்க வேண்டும். கெவின் டி லியோன் கொண்டுவந்த 863ஆம் எண் மசோதாவில் பிரவுன் செப்டம்பர் 18இல் கையெழுத்திட்டார். காயத்தால் பழைய வருமானத்தை இழந்தவர்களுக்கென்று ஆண்டுக்கு 12 கோடி டாலரில் தனி நிதியும் அதில் இருந்தது.

திருகாணிக்குத் தனியாகப் பணம் கொடுக்கும் பிரிவு ஒழிந்தது. புது லீன் மனுவுக்கு 150 டாலர் கட்டணம். ஏற்கெனவே கிடக்கும் பழைய மனுவுக்கு உயிர் கொடுக்க வேண்டுமானால் 100 டாலர் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மனு தள்ளுபடி. சிகிச்சை முடிந்து இத்தனை காலத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று கெடுவும் வந்தது. லீன்காரர்கள் சும்மா இருப்பார்களா? மத்திய நீதிமன்றத்துக்குப் போய், பழைய மனுவுக்கான கட்டணத்துக்கு 2013இல் தடை வாங்கினார்கள். 2015 ஜூனில் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. நூறு டாலர் கட்டக்கூடத் தகுதியில்லாத பாக்கிகள் எத்தனை என்பது அதன் பிறகு தானாகத் தெரிந்துபோயிற்று.

மருத்துவர் கட்டணத்துக்கும் மெடிகேர் கணக்கே 2014 தொடக்கத்திலிருந்து வந்தது. ஹார்வர்டின் பொருளாதாரப் பேராசிரியர் வில்லியம் ஷாவ் தலைமையில் எண்பதுகளில் உருவானது அது. ஒவ்வொரு மருத்துவ வேலைக்கும் எவ்வளவு நேரம், எவ்வளவு மூளை உழைப்பு, எவ்வளவு கைத்திறன், எவ்வளவு மன அழுத்தம் என்று அளந்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு மதிப்பெண் கொடுத்த கணக்கு. கலிபோர்னியாவின் பழைய பட்டியலில் கத்தி வைப்பதற்கு மதிப்பு அதிகம். நோயாளி சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதற்குக் குறைவு. புதுக் கணக்கு நான்கு ஆண்டுகளில் படிப்படியாக அதைச் சரிசெய்தது. சீர்திருத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இதைப் பற்றி யாரும் சண்டைகூடப் போடவில்லை.

சண்டை எழுந்தது வேறிடத்தில். தகராறுகளை 863 இரண்டாகப் பிரித்தது. எவ்வளவு பணம் என்பது மட்டும் தகராறு என்றால், மருத்துவர் முதலில் காப்பீட்டு நிறுவனத்திடமே இரண்டாம் முறை பார்க்கச் சொல்ல வேண்டும். அதற்கும் ஒப்பாவிட்டால் சுயேச்சையான பில் மறுஆய்வுக்குப் போகலாம். தொடக்கத்தில் கட்டணம் 335 டாலர். பிறகு படிப்படியாக 195 டாலராகக் குறைந்தது. ஜெயித்தால் அதைக் காப்பீட்டு நிறுவனம் திருப்பித் தர வேண்டும். அந்தச் சிகிச்சையே தேவையா என்பது தகராறு என்றால், தொழிலாளி சுயேச்சையான மருத்துவ மறுஆய்வுக்குப் போக வேண்டும். அவருக்குச் செலவில்லை. நீதிபதியிடம் இனி போக முடியாது. மாக்ஸிமஸ் என்ற ஒப்பந்த நிறுவனத்தின் மருத்துவர் ஒருவர் கோப்பைப் படித்து முடிவு சொல்வார். அவர் பெயரைச் சட்டம் ரகசியமாக வைத்திருக்கிறது. தொழிலாளியை அவர் பார்ப்பதில்லை, தொட்டுச் சோதிப்பதில்லை. மோசடி, பாரபட்சம் என்று சில காரணங்களுக்கு மட்டும் முறையிடலாம். ஜெயித்தால் கிடைப்பது இன்னொரு பெயர் தெரியாத மருத்துவரின் மறுஆய்வு.

முடிவுகள் எப்படி வந்தன? பில் மறுஆய்வுக்கு ஆண்டுக்குச் சில ஆயிரம் மனுக்களே வந்தன. பெரும்பாலானவற்றில் மருத்துவருக்கு இன்னும் பணம் கொடு என்றே தீர்ப்பு. மருத்துவ மறுஆய்வு முடிவுகளோ ஆண்டுக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டின. ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பதில், காப்பீட்டு நிறுவனம் மறுத்தது சரி என்றே தீர்ப்பு. விலை கேட்டுப் போன மருத்துவர் ஜெயித்தார்; வைத்தியம் கேட்டுப் போன தொழிலாளி தோற்றார்.

இதைக் கேட்டதும் கொதிப்பு வருவது இயல்பு. காப்பீட்டுத் தரப்பு சொல்லும் பதிலையும் வைத்துவிடுகிறேன். மறுஆய்வுக்குப் போனவற்றில் பாதிக்குப் பக்கம் மருந்துகள். அதில் அடிமையாக்கும் ஓபியாய்டு வலிமாத்திரைகளும் களிம்புகளும் ஏராளம். தகராறுகளில் மிகப் பெரும்பகுதி ஒரு சிறு கூட்டம் மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளிலிருந்து வந்தது. இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது. ஆனாலும் பெயர் சொல்லாத மருத்துவர் ஒருவர் காகிதத்தைப் பார்த்துச் சொல்லும் முடிவை எந்த நீதிபதியும் தொட முடியாது என்ற ஏற்பாடு, 1911இல் தொழிலாளி எதற்காக வழக்குரிமையை விட்டுக்கொடுத்தாரோ அந்த உடன்படிக்கையின் உணர்வுக்கு விரோதம் என்றே நினைக்கிறேன். 2015இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் என்னோடு ஒத்துப்போகவில்லை. அந்த ஏற்பாடு செல்லும் என்றது.

2013 ஏப்ரலில் எஃப்பிஐ அதிகாரிகள் லாங் பீச் மருத்துவமனையில் சோதனை போட்டார்கள். ஜூனில் சாக்ரமென்டோவில் கால்டரானின் அலுவலகத்துக்கு வந்தார்கள். 2014இல் ட்ரோபாட் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கால்டரான் 2016 ஜூனில் ஒப்புக்கொண்டு, அக்டோபரில் 42 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். இடைப்பட்ட காலத்தில் ஒரு வெட்கக்கேடும் வெளியே வந்தது. மோசடி வழக்கில் மாட்டிய மருத்துவர்களின் லீன் மனுக்கள் அப்போதும் உயிரோடு இருந்தன, வசூல் நடந்துகொண்டிருந்தது. கிறிஸ்டினா ஜூவெட் என்ற பத்திரிகையாளர் இந்த மோசடிகளைத் துருவி எழுதினார். 2016இல் சட்டமன்றம் இரண்டு சட்டங்கள் இயற்றியது. மோசடியில் தண்டனை பெற்ற மருத்துவர் இந்த முறையிலிருந்தே விலக்கப்படுவார். குற்றப்பத்திரிகை தாக்கலானாலே அவருடைய லீன் மனுக்கள் தானாக நிறுத்திவைக்கப்படும். தொழிலாளிக்கும் அதில் ஒன்று கிடைத்தது: 2018 முதல் ஏற்படும் காயங்களுக்கு முதல் 30 நாள் சிகிச்சையில் பெரும்பகுதிக்கு முன்அனுமதிப் பரிசீலனை கிடையாது.

2018 ஜனவரி 1இல் மருந்துகளுக்கான அங்கீகாரப் பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி ட்ரோபாட்டுக்கு 63 மாதச் சிறை. பிரீமியம் இப்போது 100 டாலர் சம்பளத்துக்கு 2 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. 2003இன் முதலாளி கேட்டது முழுசாகக் கிடைத்தது. மருத்துவருக்கு ஒழுங்கான விலைப் பட்டியல் கிடைத்தது. தொழிலாளிக்குப் பாதிதான் கிடைத்தது என்பது என் கணிப்பு.

அடுத்த இதழில் டெக்சாஸ். இழப்பீட்டுக் காப்பீடு எடுப்பதும் எடுக்காததும் தனியார் முதலாளியின் விருப்பம் என்று இன்றுவரை விட்டுவைத்திருக்கும் மாநிலம் அது.